அம்சா அண்ணியின் வாய்

எங்கள் அம்சா அண்ணி சினிமாவில் பேசியிருக்கிறாள். ஆனால் அந்தப் படத்தில் அவள் குரலும் கிடையாது, முகமும் கிடையாது. அப்படியென்றால் என்னத்தைப் பேசினாள் என்று கேட்பீர்கள். அதைச் சொல்லத்தான் தையல் மிஷினை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். நடுவில் யாரும் ஜாக்கெட்டைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்காதீர்கள், எனக்குக் கெட்ட கோபம் வரும்.

நான் தமிழ்ச்செல்வி. கட்டிக்கொண்ட ஆள் சரியில்லை என்று அண்ணன் வீட்டுக்கே திரும்பி வந்து, முன்னறையில் மிஷின் போட்டுப் பிழைக்கிறவள். ஊர் செய்யூருக்குப் பக்கம். அண்ணன் காசிநாதனுக்குக் கொஞ்சம் சவுக்கு, கொஞ்சம் மல்லாட்டை என்கிற நிலக்கடலை, மீதி நேரத்துக்கு ஒரு குட்டியானை லோடு வண்டி. அண்ணி மதுராந்தகத்துப் பெண். அவள் அப்பா பழைய பேப்பர் கடை வைத்திருந்தார். எடைக்கு வந்த வாரப் பத்திரிகை எல்லாம் மறுபடி எடைக்குப் போவதற்குள் இவள் படித்து முடித்துவிடுவாள். பத்தாவதோடு பள்ளிக்கூடம் நின்றது, படிக்கிறது நிற்கவில்லை.

கல்யாணமாகி வந்தபோது சீரோடு சீராக ஒரு மூட்டை பத்திரிகையும் வந்தது. எங்கள் வீட்டில் மல்லாட்டை உடைக்க அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லாம் கூடுவோம். அண்ணி மட்டும் உடைக்க மாட்டாள். நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து தொடர்கதை படிப்பாள். காதலனுக்கு ஒரு குரல், காதலிக்கு ஒரு குரல், கொடுமைக்கார மாமியாருக்கு எங்கள் அம்மாவின் குரல். எங்கள் அம்மாவும் அதே கூட்டத்தில் உட்கார்ந்துகொண்டு, "யாருடி இவ, சரியான பேஜாரு புடிச்சவளா கீறாளே" என்று அந்த மாமியாரைத் திட்டுவாள். நாங்கள் சிரிப்பை அடக்க முடியாமல் முறத்தைக் கவிழ்த்துவிடுவோம்.

அண்ணன் உள்ளே வர மாட்டான். ஆம்பளை கதை கேட்டால் கௌரவக் குறைச்சல் இல்லையா! ஜன்னலுக்கு வெளியே வண்டியைத் துடைக்கிற மாதிரி பாவலா பண்ணிக்கொண்டு நிற்பான். துடைத்த இடத்தையே துடைப்பான். சாப்பிட உட்காரும்போது மெதுவாகக் கேட்பான்.

"அந்த டாக்டர் பொண்ணு அப்பறம் இன்னா ஆச்சி?"

"அது அடுத்த வாரம்தான்யா வரும்."

"நீதான் முன்னாடியே படிச்சிட்டு இருப்பியே. சொல்லு அம்சா."

அதுதான் அவர்கள் கொஞ்சிக்கொள்கிற விதம். சண்டையும் உண்டு. காலையில் தெருவே கேட்கிற மாதிரி சண்டை நடக்கும், சாயந்திரம் டாக்டர் பெண் என்ன ஆனாள் என்கிற விசாரணையும் நடக்கும். இப்படித்தான் இத்தனை வருஷமும் ஓடியது. அம்மா போய்ச் சேர்ந்தாள், இவர்கள் பிள்ளை படித்து வேலைக்குப் போய்விட்டான், அண்ணனுக்கு சர்க்கரை வியாதி வந்தது, பத்திரிகைக் கதைகள் போனில் வர ஆரம்பித்தன. அண்ணி போனைப் பார்த்துப் படித்தாள், அண்ணன் ஜன்னலுக்கு வெளியே வண்டி துடைத்தான்.

அப்புறம் மதுராந்தகத்தில் அந்தக் கல்யாணம் வந்தது. எங்கள் சித்தப்பா மகனுக்குக் கல்யாணம். பந்தியில் உட்கார்ந்து அண்ணி சாம்பாரை வாயில் வைத்தாள். "இன்னா சமையல்காரர்ய்யா இவரு, உப்புக்கும் இவருக்கும் சண்டையா?" என்றாள். அவள் மெதுவாகச் சொன்னாலே நாலு வரிசைக்குக் கேட்கும். பந்தி முழுக்கச் சிரித்தது. பெண் வீட்டுக்காரர்கள் முகம் சுருங்கியது. பரிமாறிக்கொண்டிருந்த அண்ணனுக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ, பாத்திரத்தை நங்கென்று வைத்துவிட்டு, "ஏய்! வாய மூடு!" என்று கத்தினான். அத்தனை தலையும் திரும்பியது. அவள் பிறந்த ஊரில், அவளுடைய சொந்த பந்தம் உட்கார்ந்திருக்கிற பந்தியில்.

அண்ணி இலையை மூடிவிட்டு எழுந்தாள். பஸ்ஸில் வரும்போது என்னிடம் சொன்னாள்: "உங்கண்ணன் மூடச் சொன்னாரு இல்ல? மூடிட்டேன். அவராண்ட மட்டும்."

மூடினாள் பாருங்கள், அப்படி ஒரு மூடல்! ஊரெல்லாம் பேசுவாள், கோயில் கூழ் வார்த்தலுக்கு மைக்கில் பேசுவாள், கோழியிடம் பேசுவாள், அண்ணனிடம் மட்டும் ஒரு வார்த்தை கிடையாது. அவனும் லேசுப்பட்டவனா? "அவளே பேசட்டும்" என்று விறைத்துக்கொண்டான். நடுவில் மாட்டிக்கொண்டவள் நான்.

"செல்வி, கொழம்பு அடுப்புல கீதுன்னு சொல்லு."

அண்ணன் அடுப்புக்குப் பக்கத்திலேயேதான் நின்றுகொண்டிருப்பான். "பாத்துட்டேன்னு சொல்லு."

"மாத்திரை போட்டாரான்னு கேளு."

"போட்டாச்சின்னு சொல்லு."

சொன்னது இருவர் காதிலும் விழுந்துவிட்டது, நான் எதற்குத் திருப்பிச் சொல்ல வேண்டும்? ஆனால் சொல்லாவிட்டால் இரண்டு பேரும் என்னை முறைப்பார்கள். சொன்னால்தான் பதில் வரும். ஒருநாள் நான் லைனிங் துணி வாங்க செங்கல்பட்டு போய்விட்டுத் திரும்பினால், சிலிண்டர் போட வந்தவரை வாசலில் நிறுத்தி வைத்து, அவர் வழியாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அந்த மனுஷன் தோளில் காலி சிலிண்டரோடு ரொம்ப பவ்யமாக, "தண்ணி மோட்டர் போட்டீங்களான்னு கேக்குறாங்க சார்" என்று அண்ணனிடம் சொல்கிறார். எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. அண்ணி கதை படிப்பதையும் நிறுத்திவிட்டாள். மாதங்கள் போயின. இதுகள் இப்படியே கிழடு தட்டிவிடுமோ என்று எனக்கு உள்ளுக்குள் பயம் பிடித்துக்கொண்டது.

அப்போதுதான் சினிமாக்காரர்கள் வந்தார்கள்.

அடேயப்பா, அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் எனக்குக் கை பரபரக்கிறது! மாமல்லபுரத்தில் ஓட்டல் முழுக்க எடுத்துத் தங்கினார்கள். பரமன்கேணிப் பக்கம் சவுக்குத் தோப்புக்குள் பாழடைந்து கிடந்த ஒரு பங்களாவுக்கு வெள்ளையடித்து, ஐம்பதுகளின் வீடாக மாற்றினார்கள். கதை, இரண்டு எழுத்தாளர்களின் காதல். பக்தவத்சலம் என்று ஒருத்தன், அமிர்தவல்லி என்று ஒருத்தி. ஒரே பத்திரிகையில் போட்டி போட்டு எழுதி, காதலித்து, கடலோரத்து வீட்டில் சேர்ந்து வாழ்ந்து, அடித்துக்கொண்டு பிரிகிறார்கள். அந்தக் காலத்துப் பஃப் கை ஜாக்கெட் தைக்கச் சென்னையிலிருந்து வந்த டெய்லருக்குக் காய்ச்சல். என்னைக் கூப்பிட்டார்கள். எப்படி விடுவேன்? மிஷினை அண்ணன் வண்டியில் ஏற்றிக்கொண்டு பறந்தேன்.

அமிர்தவல்லி மேடையில் பேசுகிற காட்சிக்குக் கூட்டம் வேண்டும் என்றார்கள். ஊர்ப் பெண்களை எல்லாம் கூட்டிக்கொண்டு போனேன். முதல் வரிசையில் அண்ணி.

ஹீரோயின் பெயர் அனு. பம்பாய்ப் பெண். தங்கமான பெண், தமிழ் மட்டும் வராது. கேமராவுக்குப் பக்கத்தில் ஓர் உதவி டைரக்டர் நின்று வசனத்தைத் துண்டு துண்டாக எடுத்துக் கொடுப்பார், அனு அதைக் காதில் வாங்கி அப்படியே திருப்பிச் சொல்வாள். ப்ராம்ப்ட் பண்ணுவது என்பார்கள். பிற்பாடு சென்னையில் வேறு ஒரு பெண் அந்த வாயசைவுக்குக் குரல் கொடுப்பாள். அன்றைக்கு அந்த உதவி டைரக்டருக்குத் தொண்டை கட்டிப்போய், காற்றுதான் வந்தது. அனு "வாட்? வாட்?" என்கிறாள். டைரக்டர் ஹரிஹரன் தலையில் கை வைத்துவிட்டார். எடுத்ததையே திரும்பத் திரும்ப எடுத்ததில் எங்கள் அண்ணிக்கு வசனம் மனப்பாடமாகிவிட்டது. பொறுக்க முடியுமா அவளால்?

"பெண் எழுதினால் குடும்பம் கெடும் என்கிறீர்கள்!" என்று முதல் வரிசையிலிருந்து கணீரென்று எடுத்துக் கொடுத்தாள். மேடையிலிருந்து அனுவும் கணீரென்று அதையே சொன்னாள். "கெடட்டும்! பொய்யில் நிற்கிற குடும்பம் கெடட்டும்!" அதையும் சொன்னாள். நான் அண்ணியின் தொடையில் நறுக்கென்று கிள்ளினேன். அவள் என் கையைத் தட்டிவிட்டு முழு வசனத்தையும் முடித்துவிட்டுத்தான் மூச்சு விட்டாள்.

"யாரும்மா அது?" என்று டைரக்டர் எழுந்து வந்தார். போச்சு, விரட்டப்போகிறார் என்று நான் நடுங்கினேன். "நாளையிலிருந்து நீங்க கேமரா பக்கத்துல நில்லுங்க," என்றார் அவர்.

அன்று வீட்டுக்கு வந்ததும் அண்ணி குதித்தாளே ஒரு குதி! "செல்வி, நான் சினிமாவுல பேசப்போறேன்னு சொல்லு!"

அண்ணன் துண்டை உதறிக்கொண்டே, "காதுல வுழுந்திச்சின்னு சொல்லு," என்றான். ஆனால் அவன் உதடு சிரிப்பில் துடித்ததை நான் பார்த்தேன்.

அண்ணிக்கு அந்த ப்ராம்ப்ட் வேலை பிடிபட்டுவிட்டது. வசனத்தைச் சும்மா ஒப்பிக்கக்கூட அவளால் முடியாது, அழுகிற இடத்தில் அழுவாள், சிணுங்குகிற இடத்தில் சிணுங்குவாள். அனு அவள் விடுகிற மூச்சைக்கூட அப்படியே பிடித்துக்கொள்வாள். "அம்சாம்மா, அம்சாம்மா" என்று அவள் பின்னாலேயே சுற்றினாள். ஒரே ஒரு கோளாறு. அர்த்தம் தெரியாததால், அண்ணி வாயிலிருந்து எது வந்தாலும் அனு வாயிலிருந்தும் வரும். மாமல்லபுரத்துக் கடற்கரையில் காதல் காட்சி. பக்தவத்சலமாக நடித்த ஜோயல் மண்டி போட்டுக் கையைப் பிடிக்கிறான். அந்த நேரம் பார்த்து ஒரு நாய் அண்ணி காலை முகர்ந்தது. "தோ, போ சனியனே!" என்றாள் அண்ணி. அனு ஜோயலின் கன்னத்தைத் தடவி, அத்தனை காதலோடு, "தோ, போ சனியனே" என்றாள்.

எல்லோரும் மணலில் விழுந்து புரண்டு சிரித்தார்கள். டைரக்டர் சிரிக்கவில்லை. "அம்சாம்மா, வசனத்தைத் தவிர ஒரு வார்த்தை வரக்கூடாது. இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா நான் வேற ஆளை வரவழைச்சிடுவேன்," என்றார். அண்ணிக்கு முகம் செத்துவிட்டது. அதற்குப் பிறகு கேமரா பக்கம் நிற்கும்போது வாயில் துண்டை வைத்துக்கொண்டு, வசனத்துக்கு மட்டும் எடுப்பாள்.

கதை போகப் போக அண்ணிக்கு அமிர்தவல்லி மேல் கோபம். "இன்னா கொழுப்பு இவளுக்கு? அவன் தப்பு பண்ணான் சரி, அதுக்குன்னு பேசாம பூடுறதா? ஒரு வார்த்த பேசினா கொறைஞ்சா பூடுவா?"

"அதையேதான் நானும் உன்னை கேக்குறேன்," என்றேன்.

அன்று முழுக்க என்னோடும் பேசவில்லை.

அண்ணனைப் பற்றியும் சொல்ல வேண்டும். அடுப்பங்கரை செட்டுக்கு விறகுக்கு ஒரு லோடு சவுக்கு மிளார் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். கேட்டது ஒரு லோடு. அவன் தினமும் வந்தான். ஒருநாள் மிளார், ஒருநாள் தண்ணீர்க் கேன், ஒருநாள் யாருமே கேட்காத இளநீர். இறக்கிவிட்டுப் போகாமல் பின்பக்கம் நின்று வண்டியைத் துடைப்பான். துடைத்த இடத்தையே துடைப்பான். எனக்குப் புரிந்துவிட்டது. அண்ணியிடம் சொல்லவில்லை. சொன்னால் இன்னும் பிகு பண்ணுவாள்.

கடைசியில் அந்தப் பெரிய சண்டைக் காட்சி வந்தது. பங்களாவின் கூடத்தில் காலையிலேயே விளக்கெல்லாம் வைத்துத் தயார் செய்துவிட்டார்கள். தங்கள் இருவருக்குள் நடந்த அந்தரங்கத்தை எல்லாம் பக்தவத்சலம் கதையாக எழுதி அச்சில் போட்டுவிட்டான். அமிர்தவல்லி அந்தப் பத்திரிகையைக் கிழித்து அவன் முகத்தில் எறிந்து, பேசிவிட்டு, வாசலைத் தாண்டிப் போய்விட வேண்டும். இரண்டு கேமரா வைத்து ஒரே ஷாட். சூட்டோடு சூடாக எடுக்க வேண்டும் என்றார் டைரக்டர். எறும்பு ஊர்ந்தால் கேட்கும், அப்படி ஒரு அமைதி. நான் ஜாக்கெட்டுக்கு ஊசி குத்தத் தயாராக, அண்ணிக்கு ஒட்டினாற்போல் நின்றிருந்தேன்.

"ஆக்ஷன்!"

"நம் வீட்டுச் சண்டையை ஊரே படித்துச் சிரிக்கிறது," என்று எடுத்தாள் அண்ணி. அனு சொன்னாள். "அத்தனை பேர் எதிரில் என்னைத் தலைகுனிய வைத்தீர்களே!" எனக்குப் பந்தி ஞாபகம் வந்துவிட்டது. அவளுக்கும் அதுதான் வந்திருக்க வேண்டும். நிமிர்ந்து பார்த்தால், ஜோயலுக்கு நேர் பின்னால், வெளிச்சம் விழாத பின்கட்டு வாசற்படியில் எங்கள் அண்ணன் நிற்கிறான். துண்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, இவளையே பார்த்தபடி.

அண்ணியும் பார்த்துவிட்டாள். அடுத்த வசனத்தை அவன் முகத்தைப் பார்த்தே சொன்னாள். "இனி உங்களிடம் பேச எனக்கு ஒரு வார்த்தையும் மீதமில்லை."

அனு சொன்னாள். அவள் கண்ணிலிருந்தும் தண்ணீர் கொட்டியது, அண்ணி கண்ணிலிருந்தும் கொட்டியது. டைரக்டர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். அனு திரும்பி வாசலை நோக்கி நடந்தாள்.

அப்போது அண்ணனின் முகத்தைக் கவனித்தேன். வியர்த்துக் கொட்டுகிறது. நிலையைப் பிடித்திருந்த கை நடுங்குகிறது. காலையில் கிளம்பும்போது அவன் சாப்பாட்டு டப்பா ஜன்னலிலேயே இருந்தது எனக்குச் சுரீரென்று உறைத்தது. சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு, சாப்பிடாமல் வந்து நிற்கிறான், பாவி!

எனக்கு முன்னால் அண்ணிக்கு உறைத்துவிட்டது. பழக்க தோஷம். தலையைத் திருப்பாமல், பக்கத்தில் நிற்கிற என்னிடம் சொன்னாள்:

"சாப்ட்டாரான்னு கேளு."

நான் வாயைத் திறப்பதற்குள், வாசலில் அனு நின்றாள். மெதுவாகத் திரும்பினாள். கன்னத்தில் கண்ணீர் வழிய, ஜோயலைப் பார்த்துச் சொன்னாள்:

"சாப்ட்டாரான்னு கேளு."

ஜோயல் திருதிருவென்று விழித்தான். யாரைப் போய்க் கேட்பான் அவன்? அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து, இருட்டிலிருந்து, எங்கள் அண்ணனின் குரல் வந்தது.

"இல்லன்னு சொல்லு."

அவ்வளவுதான். உடைந்தது அணை!

"இன்னாய்யா இல்ல? மாத்திரைய போட்டுகினு பட்டினியா வந்து நிக்கிறியே, உனுக்கு இன்னா புத்தி கெட்டா பூட்ச்சி? வுழுந்து கிழுந்து வெச்சா நான் இன்னாய்யா பண்ணுவேன்?" நேராக, அவனிடமே, நடுவில் என்னை வைக்காமல்! அனு பாவம், "இன்னாய்யா இல்ல, மாத்திரிய..." என்று தொடங்கி, அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் வாயைப் பிளந்து நின்றாள். அண்ணி கேமராவைத் தாண்டினாள், விளக்குக் கம்பத்தைத் தாண்டினாள், ஜோயலை ஒரு தள்ளுத் தள்ளினாள். ஓடிப்போய் அண்ணனைப் படியில் உட்கார வைத்தாள். யாரோ ஜூஸ் பாக்கெட் நீட்ட, வாயில் வைத்துப் புகட்டினாள். அவன் குடிக்கக் குடிக்கத் திட்டினாள். அத்தனை மாதமாகச் சேர்த்து வைத்திருந்ததை எல்லாம் திட்டினாள். சிலிண்டர்காரர் எதிரில் மானம் போனதைக்கூட விடவில்லை.

வியர்வை அடங்கியதும் அண்ணன் நிமிர்ந்தான். "பேசிட்டியா அம்சா?" என்றான்.

அவள் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

"நீ படிக்கிறத கேட்டு எவ்ளோ நாளாச்சி. அதான் தெனம் வந்துகினு கீறேன்," என்றான். அடப்பாவி மனுஷா, இதை வீட்டிலேயே சொல்லித் தொலைத்திருந்தால் என்ன! எனக்குக் கோபத்தில் கண்ணீர் வந்தது. சத்தியமாகக் கோபத்தில்தான்.

டைரக்டர் வந்து நின்றார். அண்ணி எழுந்து கையைக் கட்டிக்கொண்டாள். "நீங்க சொன்னதுதான் சார். நான் போயிடுறேன். இவரு துன்னட்டும், அதோட கெளம்பிடுறோம்."

அவர் இருவரையும் பார்த்தார். "முதல்ல அவருக்கு இட்லி குடுங்கப்பா," என்று ஆட்களைக் கூப்பிட்டார். அப்புறம், "அம்சாம்மா, இன்னொரு டேக் போகலாம். வாங்க," என்றார்.

போனாள். ஆனால் முடியவில்லை. "ஒரு வார்த்தையும் மீதமில்லை" என்கிற இடம் வந்தாலே அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. பின்கட்டுப் படியில் உட்கார்ந்து அண்ணன் இட்லியை மென்றுகொண்டே இவளைப் பார்க்கிறான், இவள் எப்படிக் கோபமாகச் சொல்வாள்? அண்ணி சிரித்தால் அனுவும் சிரிக்கிறாள். காதலைத் தூக்கி எறிந்துவிட்டுப் போக வேண்டிய அமிர்தவல்லி புதுப்பெண் மாதிரி வெட்கப்படுகிறாள். கடைசியில் டைரக்டர், "பேக்கப்!" என்று கையைத் தூக்கிவிட்டார்.

படம் வெளிவந்ததும் செங்கல்பட்டில் மேட்னிக்குப் போனோம். அண்ணன், அண்ணி, ஓரத்தில் நான். நடுவில் உட்கார மாட்டேன் என்று முதலிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். படம் ஆரம்பித்ததிலிருந்து அண்ணன் ஓயவில்லை. "அப்பறம் இன்னா ஆச்சி?" என்று அவள் காதைக் கடிக்கிறான், அவள் அடுத்த காட்சியைச் சொல்கிறாள். முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பித் திரும்பி முறைத்தார்கள். திரையில் அனு பேசியது யாரோ சென்னைப் பெண்ணின் குரல். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஒவ்வொரு வசனத்துக்கும் இருட்டில் அண்ணியின் உதடு அசைந்துகொண்டே இருந்தது.

சண்டைக் காட்சி வந்தது. அந்த முதல் டேக்கையே வைத்துவிட்டார்கள்! "இனி உங்களிடம் பேச எனக்கு ஒரு வார்த்தையும் மீதமில்லை" என்று சொல்லிவிட்டு அமிர்தவல்லி வாசலுக்குப் போனாள். நின்றாள். திரும்பினாள். திரையில் ஜோயலின் திகைத்த முகம் பெரிதாக வந்தது. அவள் குரல் மட்டும் கேட்டது.

"சாப்பிட்டீர்களா?"

பக்கத்தில் ஒரு பெண் மூக்கை உறிஞ்சினாள். பக்தவத்சலம் பதில் சொல்லாமல் நின்றான்.

எங்கள் வரிசையிலிருந்து அண்ணனின் குரல் கணீரென்று கிளம்பியது. "இல்லன்னு சொல்லு!"

அத்தனை தலையும் திரும்பியது. தியேட்டரே கொல்லென்று சிரித்தது. அண்ணி அவன் தொடையில் பளாரென்று ஒன்று வைத்தாள். அப்புறம் நாலு வரிசைக்குக் கேட்கிற அவளுடைய அந்த மெல்லிய குரலில் சொன்னாள்:

"யோவ்! வாய மூடு!"

அண்ணன் மூடிக்கொண்டான். படம் முடிகிறவரை அவள் கையை மட்டும் விடவில்லை.